பகலில் பிறந்த நிலவொளி: கட்டடக்கலை, பயண ஒளிப்படங்களில் உணர்வுத்தொனித் திருத்தத்தின் வரலாறு

முன்னுரை

ஒளிப்படத்தில் ஒரு கோபுரம் துளியும் மாறாமல் நிற்க, அதன் உணர்வுத்தொனி மட்டும் முற்றிலும் மாறிவிட முடியும். வானம் கறுத்தால் கட்டடம் மிரட்டுகிறது. நீலம் ஏறினால் பகல் இரவாகிறது. இத்தகைய திருத்தங்கள் கணினியோடு வந்தவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. மெழுகுத்தாளும் கண்ணாடித் தகடும் புழங்கிய காலத்திலேயே அவை வழக்கத்துக்கு வந்துவிட்டன என்பதே உண்மை. அவை எதற்காகச் செய்யப்பட்டன, படத்தின் தொனி எந்தக் கட்டத்தில் தீர்மானிக்கப்பட்டது என்ற இரு கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவிகள் மாறியதைவிட, அந்தத் தீர்மானம் நிகழும் நேரம் முன்னும் பின்னுமாக நகர்ந்ததே இவ்வரலாற்றின் முக்கியத் திருப்பம் என்பது இதன் வாதம்.

1. குறைநீக்கமாகத் தொடங்கிய திருத்தம்

தொடக்ககால ஒளிப்படத்தின் வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கும் புற ஊதாவுக்குமே நன்கு வினைபுரிந்தன. கருங்கல்லின் நுணுக்கம் பதியும்வரை லென்ஸைத் திறந்துவைத்தால், வானம் அளவு மீறிப் பதிந்துவிடும். நெகட்டிவில் அது கறுத்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாக நிற்கும். பச்சை நிறத்துக்கு இந்த உப்புப் பூச்சு வினைபுரியாததால் மரங்கள் கரும்பிழம்புகளாகத் தெரிந்தன.

இக்குறையைக் கையால் ஈடுகட்டியவர்களில் லின்னேயஸ் ட்ரைப் குறிப்பிடத்தக்கவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான அவர் 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்றார். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. நெகட்டிவின் மீது அவர் தூரிகையால் நிறமி பூசினார். நிறமி பட்ட இடத்தில் ஒளி ஊடுருவாது. பிரிண்டில் அவ்விடம் வெளுத்து மேகமாகும். இலைத்தொகுதிகளையும் இப்படியே தூரிகையால் திருத்தினார்.

அதே ட்ரைப்தான் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 பிரிண்டுகளாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தவர். எழுத்துகளைப் பதிவதில் அத்தனை கறாராக இருந்தவர் மேகங்களைத் தூரிகையால் எழுதத் தயங்கவில்லை. கட்டடம் சான்று, வானம் அதைத் தாங்கும் சட்டகம் என்ற பிரிவினை அவர் பணியில் செயல்பட்டது எனக் கொள்ளலாம்.

பிரான்சிலும் நிலை வேறல்ல. 1851இல் பழங்கட்டடங்களைப் பதிவுசெய்ய அரசு அமர்த்திய ஐவரில் எதுவார் பால்துஸ், குஸ்தாவ் ல கிரே இருவரும் அடங்குவர். ஆர்ல் நகரத் தேவாலய மடத்தின் தாழ்வாரத்தை இருண்ட உட்புறமும் வெயில் படும் முற்றமும் ஒருசேரத் தெரியும்படி பல நெகட்டிவ்களை இணைத்து உருவாக்கினார் பால்துஸ். ல கிரே 1856–57இல் கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து, தொடுவானக் கோட்டில் சேர்த்தார். ஒரே வானத்தை வெவ்வேறு கடல்களுக்கு மேல் அவர் பயன்படுத்தியதுண்டு. வானம் தன் இடத்திலிருந்து கழன்று தனிப்பொருளானது அங்கேதான்.

2. சந்தைக்கான நிலவொளி

குறைநீக்கம் உணர்ச்சி உருவாக்கமாக மாறியதற்குத் தெளிவான சான்று வெனிஸ். சுற்றுலாப் பயணிகளுக்குப் படம் விற்ற கார்லோ நாயா (1816–1882), அந்நகரின் அரண்மனைகளையும் கால்வாய்களையும் நிலவொளிக் காட்சிகளாக வெளியிட்டார். அன்றைய தகடுகளின் வேகத்தில் நிலவொளியில் படமெடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஆகவே பகலில் எடுத்த நெகட்டிவை இருளாக அச்சிட்டு, மேகங்களை வேறு நெகட்டிவிலிருந்து சேர்த்து, நீலம் ஏற்றினார்.

இந்தப் புனைவு ஏன் நம்பும்படி அமைந்தது என்பதற்கு ஒளியியலில் விடை இருக்கிறது. நிலவொளி என்பது பிரதிபலித்த சூரிய ஒளியே. இரண்டும் ஒற்றை மூலத்திலிருந்து வந்து கூர்மையான நிழலை வீழ்த்துகின்றன. எனவே பகலின் நிழல்கள் இரவுக்கும் பொருந்தின. நாயா வெளிச்சத்தின் அளவையும் நிறத்தையும் மாற்றினாரேயொழிய அதன் கட்டமைப்பைக் கலைக்கவில்லை.

1880களில் சூரிச் நகரின் ஓரெல் ஃபியூஸ்லி நிறுவனத்தில் ஹான்ஸ் யாகோப் ஷ்மித் உருவாக்கிய ஃபோட்டோகுரோம் முறை இதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுசென்றது. கறுப்பு-வெள்ளை நெகட்டிவைப் பல லித்தோ கற்களுக்கு மாற்றி, நிறத்துக்கு ஒரு கல்லாக அச்சிட்டார்கள். அஸ்தமனச் சிவப்பு எவ்வளவு என்பது இப்போது அச்சகத்தின் முடிவாயிற்று.

3. தீர்மானம் முன்னகர்ந்த காலம்

1873இல் ஹெர்மன் ஃபோகெல், சாயம் சேர்த்தால் பூச்சு பிற நிறங்களையும் உணரும் என்று கண்டறிந்தார். 1906இல் எல்லா நிறங்களையும் பதியும் பாங்குரோமாட்டிக் தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. வானத்தைத் திருத்துவதற்கான பழைய தொழில்நுட்பக் காரணம் இதோடு மறைந்தது. திருத்தும் விருப்பம் மறையவில்லை. அது லென்ஸின் முன்னால் வைக்கும் ஃபில்டருக்கு இடம்பெயர்ந்தது. 1927 ஏப்ரலில் ஆன்சல் ஆடம்ஸ் யோசமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரிட்டு எடுத்தார். நேரில் உணர்ந்த கம்பீரம் அதில் வராது என்று கருதி, மிஞ்சியிருந்த தகட்டில் அடர்சிவப்பு ஃபில்டரைப் பயன்படுத்தினார். நீலவானம் ஏறத்தாழக் கறுப்பாயிற்று. தொனி இங்கே ஷட்டர் திறக்கும் முன்பே முடிவாகிவிட்டது.

திருத்தவே மறுத்த மரபும் உண்டு. ஆங்கிலேயத் தேவாலயங்களை எடுத்த ஃப்ரெடெரிக் எவன்ஸ் நெகட்டிவில் கைவைக்காதவர். வெல்ஸ் தேவாலயப் படிக்கட்டை அவர் 1903இல் எடுத்த படத்தின் அமைதி, உரிய வெளிச்சத்துக்காகக் காத்திருந்து பெற்றது. ஜூலியஸ் ஷுல்மன் நடுவழியில் நின்றார். 1960இல் லாஸ் ஏஞ்சலஸ் குன்றின் மேல் பியர் கோனிக் வடிவமைத்த கண்ணாடி வீட்டை எடுத்தபோது, நகர விளக்குகளுக்காகப் பல நிமிட எக்ஸ்போஷர் கொடுத்து, அதே ஃபிலிமில் ஃபிளாஷ் விளக்கால் உட்புறத்தையும் பதித்தார். எந்த விழியும் ஒருசேரக் காணாத இரு வெளிச்சங்கள் ஒரே நெகட்டிவில் சேர்ந்தன.

4. தள்ளிப்போடப்பட்ட தீர்மானம்

1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பும் கேமரா பதிந்த தரவை அப்படியே சேமிக்கும், பின்னர் பரவிய ரா கோப்பு வடிவமும் காலவரிசையை மீண்டும் திருப்பின. ரா கோப்பில் வெள்ளைச் சமநிலைகூடப் பிறகு முடிவு செய்யத்தக்கது. ஒரே படம் காலையில் குளிர்ந்ததாகவும் மாலையில் கனிந்ததாகவும் மாறலாம், மூலம் அழிவதில்லை. 2010இல் தொடங்கிய இன்ஸ்டாகிராம், ஆயத்த ஃபில்டர்களால் இந்தத் தேர்வையும் ஒரு தட்டலாகச் சுருக்கியது. 2020 அக்டோபரில் ஃபோட்டோஷாப்பில் வானத்தை மாற்றும் வசதியே தனிக் கட்டளையாகச் சேர்ந்தது. புதிய வானத்துக்கேற்ப முன்புலத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அது ஓரளவு சரிசெய்யும். நிழலின் திசையை அதனால் மாற்ற முடியாது. மேகமூட்டத்தில் எடுத்த நிழலற்ற கோபுரத்துக்குப் பின்னால் செந்நிற அஸ்தமனத்தை வைத்தால், சுவரே அதை மறுக்கும்.

முடிவுரை

உணர்வுத்தொனி ட்ரைப்புக்குப் படமெடுத்த பின்பும், ஆடம்ஸின் பாறைப் படத்தில் எடுக்கும் முன்பும், டிஜிட்டல் பயனருக்கு எப்போது வேண்டுமானாலும் தீர்மானமாகிறது. எனவே, திருத்தப்பட்டதா என்ற கேள்வி ஒரு படத்தை மதிப்பிடப் போதாது. தொடக்கம் முதலே பல படங்கள் திருத்தப்பட்டவை. கட்டடத்தின் மீது விழும் ஒளியோடு திருத்தம் ஒத்துப்போகிறதா என்பது கலை சார்ந்த அளவுகோல். மூலப்பதிவு எஞ்சியிருக்கிறதா என்பது வரலாறு சார்ந்த அளவுகோல். நாயாவின் வெனிஸ் முதலாவதில் தேறும்; ஃபில்டரோடு மட்டும் சேமிக்கப்பட்டு மூலக்கோப்பு அழிந்துபோன படம் இரண்டாவதில் தோற்கும். மரபுக் கட்டடங்களைப் பதிவுசெய்யும் நிறுவனங்கள், பொலிவூட்டிய படத்தை வெளியிட்டாலும் திருத்தாத கோப்பைத் தேதியோடு காப்பது அவசியம். சிதைந்த சுவரின் உண்மையான நிறம் எது என்ற கேள்வி, புனரமைப்புப் பணி தொடங்கும் நாளில் அந்தக் கோப்பிடம்தான் கேட்கப்படும்.