மாம்போவை விட்டு வெளியேறியவர்கள்: ஜூம்லா பிறந்த கதை

ஜூம்லா என்ற இணையதள மென்பொருளுக்குப் பிறந்த நாள் எது என்பதில் எனக்கும் அதன் அபிமானிகளுக்கும் ஒரு சின்ன வழக்கு உண்டு. அவர்கள் 2005 ஆகஸ்ட் 17 என்பார்கள். அந்தத் தேதிமேல் அவர்களுக்கு அப்படியொரு பிடிப்பு. நான்காம் பதிப்பு வெளியானதுகூட 2021 ஆகஸ்ட் 17 அன்றுதான். என் கணக்கில் அது பிறந்தது அதற்கு நான்கு வருடம் முன்பு, 2001 ஏப்ரலில், மெல்பர்னில். பெற்றவர்களுக்கே அது தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

2000 மார்ச்சில் மெல்பர்னில் மிரோ கன்ஸ்ட்ரக்ட் என்ற நிறுவனம் பதிவானது. தலைவர் பீட்டர் லாமொண்ட். அமெரிக்காவில் நாஸ்டாக் உச்சத்தைத் தொட்டுவிட்டுச் சரியத் தொடங்கியதும் அதே மாதத்தில்தான். இணையத்தை நம்பிக் கடை திறக்க அதைவிட மோசமான முகூர்த்தம் கிடைத்திருக்காது. ஆனால் மிரோ கையில் எடுத்த வேலைக்குத் தேவை இருந்தது.

அந்தக் காலத்தில் இணையதளம் நடத்துவது என்றால் என்னவென்று இன்றைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். ஃப்ரண்ட்பேஜ், ட்ரீம்வீவர் போன்ற மென்பொருளில் பக்கம் பக்கமாகச் செய்து, எஃப்டிபி வழியாக ஒவ்வொரு கோப்பாக சர்வருக்கு ஏற்ற வேண்டும். ஒரு தமிழ்ப் பள்ளியின் தளத்தில் சனிக்கிழமை வகுப்பு நேரம் மாறினால், அதைத் திருத்தத் தெரிந்தவர் கமிட்டியில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் ஊருக்குப் போயிருந்தால் பழைய நேரமே நிற்கும். பட்டியலில் ஒரு புதுப் பக்கம் சேர்க்க நாற்பது பக்கங்களையும் திறந்து மாற்ற வேண்டும். தளம் செய்துகொடுத்த கம்பெனியிடம் போனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிப் பில் வரும்.

வலைப்பதிவுச் சேவைகள் இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்த்தன. 1999இல் பைரா லேப்ஸ் தொடங்கிய பிளாகரில் எழுதி, பொத்தானை அழுத்தினால் வெளியாகிவிடும். ஆனால் வலைப்பதிவு நாட்குறிப்பின் வம்சம். நேற்று எழுதியது கீழே போகும், இன்று எழுதியது மேலே வரும். கோயிலுக்கோ கல்லூரிக்கோ அது போதாது. அங்கே நிலையான பக்கங்கள் வேண்டும், பட்டியல் வேண்டும், ஒருவர் எழுத இன்னொருவர் சரிபார்த்து வெளியிடும் ஏற்பாடு வேண்டும்.

மிரோ செய்த மென்பொருள் இதைத்தான் செய்தது. உள்ளடக்கம் முழுவதும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் கிடக்கும். தோற்றம் வார்ப்புரு என்ற தனிக் கோப்பில் இருக்கும். பார்வையாளர் வரும்போது பிஎச்பி நிரல் இரண்டையும் சேர்த்துப் பக்கத்தைக் காட்டும். நிர்வாகி உலாவியிலேயே கடவுச்சொல் கொடுத்து நுழைந்து எழுதலாம், திருத்தலாம், நீக்கலாம். தோற்றம் பிடிக்கவில்லையா? வார்ப்புருவை மாற்றினால் தளம் முழுவதும் மாறிவிடும். எழுதியதில் ஓர் எழுத்தும் அசையாது. இன்று இது சாதாரணம். அன்று இதற்கான வணிக மென்பொருள்கள் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியானவை.

அதற்கு வைத்த பெயர் மாம்போ. ஆஸ்திரேலியர் காதில் அந்தப் பெயர் விழுந்தால் முதலில் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது கணினி அல்ல, 1984இல் சிட்னியில் தொடங்கிய அலைச்சறுக்குச் சட்டைகள். குறும்புப் படங்கள் அச்சிட்ட, கண்ணைப் பறிக்கும் சட்டைகள். மென்பொருளுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. சிட்னியும் இதே துறையில் சும்மா இருக்கவில்லை. 1998இல் அங்கே தொடங்கிய ஸ்க்விஸ் நிறுவனம் மைசோர்ஸ் என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளைச் செய்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள்வரை வந்துசேர்ந்த மூடில் என்ற கற்பித்தல் மென்பொருள் 2002இல் பெர்த்திலிருந்து வந்தது. கண்டத்தின் மூன்று மூலைகளில், சில வருட இடைவெளியில், மூன்று மென்பொருள்கள்.

இனி 2001 ஏப்ரலுக்கு வருவோம். மிரோ தன் மாம்போவை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் பொதுவில் வைத்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த அந்த உரிமம் சொல்வது எளிமையானது: இந்த நிரலை யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம்; கொடுக்கும்போது இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒருமுறை இப்படிக் கொடுத்த பதிப்பைத் திரும்பப் பெற முடியாது. மிரோவுக்கு இதில் வியாபாரக் கணக்கு இருந்தது. இலவசப் பதிப்பு ஊரெல்லாம் பரவும், வசதி கூடிய வணிகப் பதிப்பைப் பெரிய வாடிக்கையாளர்களுக்கு விற்கலாம். அடுத்த ஆண்டே மாம்போ 2002 என்ற விற்பனைப் பதிப்பு வந்தது. கணக்கில் தவறில்லை. மாம்போ என்ற பெயரும் வணிக முத்திரையும் நிறுவனத்திடமே இருந்தன. நிரலை எல்லோருக்கும் கொடுத்து, பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. கதையின் மீதி முழுவதும் இந்தப் பிரிவினையிலிருந்து கிளைத்ததுதான்.

நிரல் பொதுவுக்கு வந்ததும் ஆட்கள் வந்தார்கள், சம்பளம் இல்லாமல். 2002இல் ராபர்ட் காஸ்ட்லி திட்டத்தின் இயக்குநரானார். பெல்ஜியத்திலிருந்து யோஹான் யான்சென்ஸ், இங்கிலாந்திலிருந்து பிரையன் டீமன், ஆஸ்திரேலியாவிலேயே ஆண்ட்ரூ எடி, இன்னும் பலர். 2003 தொடக்கத்தில் மிரோ இலவசப் பதிப்பின் நிரல் பொறுப்பை முழுவதுமாக இந்தத் தன்னார்வலர்களிடம் விட்டுவிட்டது. பிறகு மாம்போ வளர்ந்த வேகம் அபாரம். மின்கடை, கலந்துரையாடல், படத்தொகுப்பு என்று யார் யாரோ இணைப்புகள் எழுதினார்கள். 2005 பிப்ரவரியில் பாஸ்டனில் நடந்த லினக்ஸ்வேர்ல்ட் கண்காட்சியில் சிறந்த திறமூலத் தீர்வுக்கான விருது கிடைத்தது. ஆறே மாதத்தில் எல்லோரும் வெளிநடப்புச் செய்யப்போகிறார்கள் என்று அந்த மேடையில் யார் நினைத்திருப்பார்கள்!

சண்டை அறக்கட்டளையில் தொடங்கியது. ஒரு வெளிநிறுவனம் மாம்போவில் தனக்குச் சொந்தமான நிரல் வரிகள் இருப்பதாக 2004இல் கிளம்பி, பயன்படுத்துவோரையும் சேர்த்து மிரட்டியிருந்தது. வழக்கு என்று வந்தால் யார் நிற்பது? தன்னார்வலர்களுக்கு முகவரி இல்லை, கூட்டமைப்பு இல்லை. திட்டத்துக்கு ஒரு சட்டபூர்வமான அமைப்பு தேவை என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயின. 2005இல் மாம்போ அறக்கட்டளை பதிவாயிற்று. அதன்பின் நடந்தது நம் ஊர்க்கோயில் அறங்காவலர் குழுத் தகராறு போலத்தான் இருக்கும். நிர்வாகக் குழுவில் தங்கள் பிரதிநிதிகளான எடியையும் டீமனையும் கலக்காமல் லாமொண்ட் அறக்கட்டளையைப் பதிவுசெய்து, தன்னையே அதில் அமர்த்திக்கொண்டார், பதிப்புரிமையை அறக்கட்டளைக்கு மாற்றித் தருவதாகச் சொன்ன வாக்கையும் மிரோ காப்பாற்றவில்லை என்பது நிரலாளர்கள் தரப்புக் குற்றச்சாட்டு. லாமொண்ட் இருபது கேள்விகளுக்குப் பதில் என்ற வடிவில் மறுப்பு வெளியிட்டார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று இத்தனை வருடம் கழித்து நாம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. முதல் போட்ட நிறுவனத்துக்கு ஒரு கோபம், உழைப்புப் போட்டவர்களுக்கு ஒரு கோபம். இரண்டுமே புரிகிற கோபங்கள்தான்.

2005 ஆகஸ்ட் 17 அன்று மையக் குழு மொத்தமாக வெளியேறியது. ஓப்பன் சோர்ஸ் மேட்டர்ஸ் என்று ஒரு தளத்தைத் திறந்து அதில் தங்கள் முடிவை அறிவித்தார்கள். ஒரே நாளில் ஆயிரம் பேர் அங்கே வந்து சேர்ந்தார்கள். மாம்போவின் தளமும் பெயரும் சின்னமும் மெல்பர்னிலேயே தங்கின. வெளியேறியவர்கள் கையில் இருந்தது நிரல் மட்டும். அதை எடுத்துப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அனுமதியை மிரோவே நான்கு வருடம் முன்பு எழுதிக் கொடுத்துவிட்டதே!

மீதி வேலைகள் மளமளவென்று நடந்தன. நியூயார்க்கில் இயங்கும் மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் ஆலோசனை சொன்னது. புதுப்பெயருக்கு மறுநாளே பொதுமக்களிடம் யோசனை கேட்டார்கள். செப்டம்பர் 1 அன்று ஜூம்லா என்று அறிவித்தார்கள். எல்லோரும் சேர்ந்து என்ற பொருள் தரும் ஸ்வாஹிலிச் சொல்லை ஆங்கிலக் காதுக்கு ஏற்ப எழுதிய வடிவம். அதே மாதம் ஜூம்லா 1.0 வெளியானது. அதைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் மாம்போ 4.5.2.3தான், சில பிழைகள் நீக்கி, பெயர்ப்பலகை மாற்றி. இதை ஏளனமாகச் சொல்பவர்கள் உண்டு. ஏளனத்துக்கு இதில் ஒன்றுமில்லை. மாம்போவில் தளம் வைத்திருந்தவர்கள் பெரிய சிரமமில்லாமல் மாறிக்கொள்ள முடிந்ததற்குக் காரணமே அதுதான்.

வேர்ட்பிரஸ்ஸும் இதே போல ஒன்றிலிருந்து பிரிந்ததுதான். கோர்சிகாவில் மிஷேல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற வலைப்பதிவு மென்பொருள் கவனிப்பாரின்றி நின்றபோது, மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003இல் அதை எடுத்து வளர்த்தார்கள். அங்கே சண்டை இல்லை, உடையவர் ஒதுங்கியிருந்தார். மாம்போவிலோ உடையவர் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே எல்லோரும் எழுந்து போனார்கள். இப்படிப்பட்ட பிரிவுகள் பெரும்பாலும் ஓராண்டில் பிசுபிசுத்துப் போகும். இது போகவில்லை, நிரல் தெரிந்த அத்தனை பேரும் ஒரே பக்கம் போனதால்.

தமிழுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஒருங்குறி 1991இலேயே தமிழைச் சேர்த்திருந்தாலும், 2000களின் முதல் பாதியில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. டிஸ்கி ஒரு பக்கம், டாப் ஒரு பக்கம், இலங்கைத் தமிழர் தளங்களில் பாமினி. எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்புத்தான் வாசலிலேயே வரவேற்கும். மாம்போவும் ஜூம்லா 1.0உம் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தவை. அமைப்பை மாற்றி ஒருங்குறித் தமிழைத் திணித்துவிடலாம், ஆனால் இடம் போதாது. ஆங்கில எழுத்து ஒரு பைட். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். கி என்ற ஒற்றை எழுத்து க ஒன்று, இகரக் குறி ஒன்று என ஆறு பைட் கேட்கும். தலைப்புக்கு நூறு பைட் இடம் என்று வைத்தால் தமிழில் முப்பத்து மூன்று குறியீட்டோடு முடிந்துவிடும். நீளமான தலைப்பு எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்பட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறி தொங்கும். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துப் பிழை எழுத்துருவில் என்று நினைத்தவர்கள் எத்தனை பேரோ.

மைஎஸ்க்யூஎல் 4.1 பதிப்பு 2004இல் பலமொழிக் குறிமுறைகளை முறையாக ஏற்கத் தொடங்கியது. ஜூம்லா குழு உள்ளமைப்பைப் பெருமளவு திருத்தி எழுதி, 2008 ஜனவரியில் வெளியிட்ட 1.5 பதிப்பில் எல்லாவற்றையும் யுடிஎஃப்-8க்கு மாற்றியது. தமிழில் தலைப்பும் பட்டியலும் உடலும் தடங்கலின்றி நின்றது இதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல் என்பதை இதோடு வைத்துப் பார்த்தால் அந்தக் குழுவின் முன்யோசனை விளங்கும். நிர்வாகப் பக்கத்தையே தமிழில் பார்க்கும் மொழிப் பொதியும் பின்னால் வந்தது. 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவோர் என்று 95,404 பேர் பதிவான நாடு ஆஸ்திரேலியா. அந்த நாட்டில் தொடங்கிய நிரலுக்குத் தமிழ் முகம் வந்தது பொருத்தம்தான், அதற்காக உழைத்தவர்கள் எந்த ஊரில் இருந்திருந்தாலும்.

மாம்போ என்னவாயிற்று? புதிய நிரலாளர்கள் வந்து கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். அவர்களில் சிலரும் 2008இல் மியாசிஎம்எஸ் என்று தனியாகப் போனார்கள். அந்த ஆண்டு வந்த 4.6.5தான் மாம்போவின் கடைசிப் பதிப்பு. ஜூம்லாவும் எப்போதும் வெற்றிநடை போடவில்லை. 1.0இலிருந்து 1.5க்கும், 1.5இலிருந்து அடுத்ததற்கும் மாறுவது வீடு மாறுவதைவிடக் கஷ்டம் என்று பலர் பழைய பதிப்பிலேயே தங்கி, ஊடுருவலுக்குத் தளத்தைப் பறிகொடுத்தார்கள். வலைப்பதிவுக் கருவியாக வந்த வேர்ட்பிரஸ் மெல்ல மெல்ல நிலையான பக்கங்களும் பட்டியலும் கற்றுக்கொண்டு, இன்று உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் பிடித்துவைத்திருக்கிறது. ஜூம்லாவின் பங்கு அதோடு ஒப்பிட மிகச் சிறியது. பயன்படுத்தச் சுலபமானது ஜெயித்தது. அதில் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை.

என் தீர்ப்பு இதுதான்: 2001இல் மிரோ அந்த உரிமத்தில் நிரலை வெளியிடாமல் இருந்திருந்தால், 2005இல் கோபித்துக்கொண்டவர்கள் கோபத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஜூம்லா இருந்திருக்காது. ஆகவே பிறந்த நாள் 2001 ஏப்ரல்தான்.

உங்கள் சங்கத்துக்கோ ஆலயத்துக்கோ பள்ளிக்கோ தளம் இருந்தால், அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்பு மூன்று விஷயங்களைக் கேட்டுவையுங்கள். டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, சங்கத்தின் பெயரிலா, போன வருடச் செயலாளரின் பெயரிலா? தளத்தின் நகல் சங்கத்தின் கையில் இருக்கிறதா? இப்போதைய சேவையை விட்டு நாளை வெளியேறினால் எழுதியதையெல்லாம் கூடவே எடுத்துப் போக முடியுமா? யாகூ 2009இல் ஜியோசிட்டிஸ் என்ற இலவசத் தளச் சேவையை மூடியபோது அங்கிருந்த தமிழ்ப் பக்கங்களில் பலவும் அதோடு போயின. அவற்றை எழுதியவர்களிடம் இந்த மூன்றாவது கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.