சுரக்ஷா காப்புறுதியும் தோட்டத்துப் பிள்ளையும்: ஒரு பழைய கணக்கு

சுரக்ஷா காப்புறுதி பற்றி எங்கள் ஆசிரியர்களுக்குள்ளே அடிக்கடி வாக்குவாதம் வரும். "இலவச வைத்தியம் உள்ள நாட்டில் பிள்ளைகளுக்கு எதற்குக் காப்புறுதி? அந்தக் காசை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாமே" என்பார்கள் சிலர். "கையில் சதம் இல்லாத தாய்க்கு அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா" என்பார்கள் மற்றவர்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் வைத்தியச் செலவு யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு மலையகத்தில் நூற்றைம்பது வயது. அந்தக் கதையையும் தெரிந்துகொண்டு பேசுவோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பிக் காலத்தில் நோயிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். அதனால் 1872இல் கோப்பி மாவட்டங்களுக்கென்று ஒரு மருத்துவச் சட்டம் வந்தது. செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று துரைமாரும் அரசாங்கமும் நெடுங்காலம் இழுபறிப்பட்டார்கள். பிறகு தேயிலை வந்தது. 1912இல் மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. அதில் பிள்ளைகளுக்கென்றே சில கடமைகள் எழுதப்பட்டன. தோட்டத்தில் இருக்கிற ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சரியான போஷாக்குக் கிடைக்கிறதா என்று துரை பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும்.

வாசிக்க நல்ல சட்டம். ஆனால் அந்தக் கடமை யார் தலையில் இருந்தது என்று கவனியுங்கள். கொழுந்தின் இறாத்தலையும் கூலியையும் கணக்குப் பார்க்கிற அதே துரையின் தலையில். பிள்ளைக்குக் கொடுக்கும் பாலும் மருந்தும் தோட்டச் செலவுப் புத்தகத்தில் ஒரு வரி. செலவைக் குறைக்க வேண்டிய வருடத்தில் அந்த வரிக்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் விரிந்துகொண்டிருந்த காலத்தில் தோட்டத்துப் பிள்ளை நாடற்றவரின் பிள்ளை ஆனது. அதற்குப் பிள்ளைமடுவமும், தோட்ட டிஸ்பென்சரியும், மருந்து கலக்கிக் கொடுக்கும் டாக்டரையாவும்தான் மிச்சம். அந்த டாக்டரையா பெரும்பாலும் எம்.பி.பி.எஸ் படித்தவர் அல்ல, தோட்ட வைத்திய உதவியாளர்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. இனி நல்லது நடக்கும் என்று எதிர்பார்த்த நேரத்தில் உணவுப் பஞ்சம். 1974இல் நாடு முழுவதும் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 50 சிசுக்கள் ஒரு வயதுக்கு முன் இறந்தார்கள். தோட்டங்களில் அது 140ஐத் தாண்டியது. ஒரே நாடு, ஒரே வருடம். வாப்பா ஹட்டனில் கடை வைத்திருந்தவர். அந்த வருடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

1992இல் தோட்ட நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. தொண்ணூறுகளிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பேற்கிறது. அந்த வேலை இன்னும் முடியவில்லை.

இப்போது 2017க்கு வருவோம். மே மாதம் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் 150 கட்டில்கள் கொண்ட கட்டடம் இந்திய உதவியில் திறக்கப்பட்டது. அதே வருடம்தான் பாடசாலை மாணவர் சுமார் 45 இலட்சம் பேருக்கென்று சுரக்ஷா அறிமுகமானது. பொருளாதார நெருக்கடியில் நின்றுபோய், 2024இல் திரும்ப வந்தது. ஒரு வருடத்தில் இரண்டு பதில்கள்: ஒன்று பக்கத்தில் ஆஸ்பத்திரி, மற்றது கையில் காசு.

அமெரிக்காவில் 1997இல் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசுக் காப்புறுதி கொண்டுவந்தார்கள். அதை விரிவாக்குவதா இல்லையா என்று பெரிய சண்டை. 2007இல் ஜனாதிபதி புஷ் மறுத்தார், 2009இல் ஒபாமா கையொப்பமிட்டார். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் வரும், அதனால் காப்புறுதிதான் கதவு. எங்கள் நிலைமை வேறு. அரசாங்க ஆஸ்பத்திரியில் பில் இல்லை. ஆனால் மேல் டிவிஷனிலிருந்து ரோட்டுக்கு இறங்க ஆட்டோக் காசு வேண்டும். பிள்ளையோடு போன அன்றைக்குத் தாய்க்குப் பேர் விழாது. எழுதிக் கொடுக்கிற ஸ்கேனை வெளியில் எடுக்க வேண்டியும் வரலாம். பில் இல்லாத இந்தச் செலவுகள்தான் குடும்பத்தைக் கடனில் தள்ளுகின்றன.

அதனால் சுரக்ஷா வேண்டும் என்றே நான் சொல்வேன். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

ஒன்று, வைத்தியச் செலவை முதலில் நாங்கள் செலவழித்து, பிறகு பற்றுச்சீட்டுக் காட்டித்தான் கேட்க வேண்டும். முதலில் செலவழிக்கக் காசுள்ளவனுக்கே அது இலகு.

இரண்டு, அது பாடசாலை இடாப்பில் பெயர் உள்ள பிள்ளைக்கு மட்டும். 2016 சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதம். அந்தப் பிள்ளைகள் இன்னும் எங்கள் வகுப்புக்கே வரவில்லை. இடையில் படிப்பை விட்டு கொழும்புக் கடைக்குப் போன பிள்ளையும் இடாப்பில் இல்லை. யோசித்துப் பாருங்கள், தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பரவலாகப் பொறுப்பேற்றதே எழுபதுகளிலிருந்துதான். இதே திட்டம் 1970இல் வந்திருந்தால் தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வெளியில்தான் நின்றிருப்பார்கள்.

பழைய சட்டம் பிள்ளையைத் தோட்டத்தின் இடாப்பில் வைத்தது. புதிய திட்டம் பாடசாலையின் இடாப்பில் வைக்கிறது. பிள்ளை என்பதற்காகவே உரிமை கிடைக்கும் நாள் இன்னும் வரவில்லை. அதற்கு டிவிஷனுக்கு எட்டும் தூரத்தில் டாக்டர் உள்ள அரசாங்க வைத்தியசாலை வேண்டும். காப்புறுதி அதற்குத் துணையாக இருக்கலாம், பதிலாக இருக்க முடியாது.

அதுவரை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பெற்றோர் கூட்டத்தில் சுரக்ஷா படிவத்தைத் தமிழில் நிரப்பிக் காட்டுங்கள். டயக்னோசிஸ் கார்டையும் பற்றுச்சீட்டையும் வீசிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சியில் பெயர் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஓர் எழுத்து மாறியதற்காகத் திரும்பி வந்த படிவங்களை நான் பார்த்திருக்கிறேன்.