பூட்டிட்ட பாட்டு

இசைத்தட்டொன்றை விலைகொடுத்து வாங்கியவர், கடை மூடப்பட்ட பின்னரும் வீட்டிலிருந்து அதைக் கேட்டு மகிழலாம். இணையத்திற் பாட்டு விற்கும் கடைகள் தோன்றியபோது இவ்வுரிமை ஐயத்துக்கிடமாயிற்று.

2003ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவில் அப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் என்னும் இசைக்கடையைத் திறந்தது. பாட்டொன்றின் விலை 99 சதம். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டுக்கள் விலைப்பட்டன. ஆயின் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குப் புலப்படாத பூட்டொன்று இருந்தது. அனுமதி பெற்ற சில கணினிகளிலன்றி வேறு கணினிகளிற் பாட்டு ஒலியாது. பூட்டின்றி விற்ற ஈமியூசிக் என்னும் கடை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இருந்ததுதான். அங்கோ, பெரிய நிறுவனங்களின் பாட்டுக்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. விரும்பிய பாட்டா, கட்டற்ற உரிமையா? பலர் பாட்டையே தெரிந்தனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை.

பூட்டின் பொருள் 2008இல் விளங்கிற்று. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் எம்எஸ்என் இசைக்கடை 2006இலேயே விற்பனையை நிறுத்தியிருந்தது. அது விற்ற பாட்டுக்களுக்குத் திறவுகோல் வழங்குவதும் 2008 ஆகஸ்ட் 31உடன் நின்றுவிடும் என்ற அறிவித்தல் வந்தது. அதன்பின் புதிய கணினி வாங்குவோர், தாம் பணங்கொடுத்த பாட்டையே அதிற் கேட்க இயலாது! எதிர்ப்பு எழவே, தவணை 2011 இறுதிவரை நீண்டது.

இதற்கிடையில், 2007 செப்டெம்பரில் அமெசன் பூட்டற்ற பாட்டுக்களுடன் கடை விரித்தது. 2009இல் அப்பிளும் பூட்டைக் கழற்றியது. முன்னர் வாங்கிய பாட்டுக்களைப் பூட்டின்றிப் பெற விரும்பியோர், ஒவ்வொன்றுக்கும் மேலும் 30 சதம் செலுத்த வேண்டியிருந்தது.