வானம் குறைத்தது தண்ணீரை, சண்டையை மூட்டியது யார்?



தண்ணீர்ச் சண்டைக்குக் காரணம் வானமா, மனிதனா? "மழை பெய்யலைன்னா மனுஷன் என்னய்யா பண்ணுவான்?"னு எதிரணி நண்பர் கேட்டாரு. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாத்தான் எங்களுக்குக் குறுவை. மழையோட அருமை எனக்கும் தெரியும். ஆனா தண்ணி குறையறது வேற, சண்டை வர்றது வேற.

காவிரி கதையைப் பாருங்க. 1892-ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஒப்பந்தம் போட்டாங்க. மேலே புதுசா அணை கட்டணும்னா கீழே இருக்கிறவங்க சம்மதம் வேணும். பிறகு கண்ணம்பாடியில் அணை கட்ட மைசூர் கிளம்பியது. 1911-ல் வேலை ஆரம்பம். சென்னை ஆட்சேபித்தது. 1914-ல் ஒரு தீர்ப்பு, அதுக்கு மேல அப்பீல்! கடைசியா 1924-ல் உட்கார்ந்து பேசி முடிச்சாங்க. விளைவு? மேலே கிருஷ்ணராஜசாகர் எழுந்தது. கீழே 1925-ல் தொடங்கிய மேட்டூர் 1934-ல் முடிந்தது. ஒரு ஒப்பந்தம், இரண்டு அணை! (கைதட்டல்)

அதில் சில ஷரத்துக்களை 50 வருஷம் கழிச்சு, 1974-ல் மறுபடி பார்க்கலாம்னு இருந்தது. பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு. நடுவர் மன்றம் வந்ததே 1990-ல்! 1991-ல் வருஷத்துக்கு 205 டி.எம்.சி. என்று இடைக்கால உத்தரவு. அந்த டிசம்பரில் பெங்களூரில் கலவரம். உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. எரிந்த வீட்டுக்காரன் எந்த மதகையாவது மூடினானா அய்யா?

2007-ல் இறுதித் தீர்ப்பு. மொத்தம் 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுவைக்கு 7. 2018-ல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் எல்லையில் தர வேண்டியது 177.25 என்றது. எல்லாம் நல்ல மழை வருஷத்துக் கணக்கு. மழை குறைஞ்சா? விகிதப்படி குறைச்சுக்கோன்னு தீர்ப்பு சொல்லுது. எந்த மாசம், எவ்வளவு? அங்கேதான் மல்லுக்கட்டு!

2023-ல் பற்றாக்குறை. கர்நாடகத்தில் பந்த், இங்கே வாடின பயிர். 2024 ஜூலைக் கடைசியில் மேட்டூர் 120 அடி நிரம்பியது. சண்டையைக் காணோம்! "பாத்தீங்களா, எல்லாம் மழைதான்"னு எதிரணி சிரிக்குது. இல்லீங்க! தண்ணி வந்ததும் நாம பேச்சையே விட்டுடறோம். அதுதான் நோய். பானை நிறைய அரிசி இருக்கும்போதே, பஞ்சம் வந்தா யாருக்கு எத்தனை பிடின்னு பேசி வைக்கிறவதான் கெட்டிக்கார அம்மா. பானை காலியான பிறகு பேச உட்கார்ந்தா பிள்ளைங்க அடிச்சுக்கத்தான் செய்யும். (கைதட்டல்)

நடக்காத காரியம்னு சொல்லாதீங்க. 2003-ல் இரண்டு மாநில விவசாயிகளும் ஒண்ணா உட்கார்ந்து "காவிரிக் குடும்பம்"னு பேரு வச்சுப் பேசினாங்க. மாண்டியாவில் காயுற கரும்பும், தஞ்சாவூரில் காயுற நெல்லும் ஒரே கண்ணீர்னு அவங்களுக்குத் தெரிஞ்சுது.

வானம் குறைக்கிறது தண்ணீரை மட்டும்தான். சண்டையை விதைக்கிறவன் மனிதனே! அணை நிறைஞ்சிருக்கிற வருஷத்திலேயே பேசுவோம்!