தலைமுடிப் பராமரிப்பு

தலைமுடிப் பராமரிப்பு என்பது தலைமுடியையும் தலைத்தோலையும் தூய்மையாகவும் நலமாகவும் வைத்திருக்கவும், முடியின் வடிவத்தையும் நிறத்தையும் விரும்பியவாறு மாற்றவும், முடி தொடர்பான நோய்களைக் குணப்படுத்தவும் கையாளப்படும் முறைகளின் தொகுப்பு ஆகும். எண்ணெய் தேய்த்தல், கழுவுதல் போன்ற அன்றாடப் பழக்கங்கள் முதல் சாயமிடுதல், நேராக்கல் போன்ற வேதி முறைகள், மருந்துகள், முடி மாற்று அறுவை வரை அனைத்தும் இதில் அடங்கும்.

இம்முறைகள் செயற்படும் இடத்தைக் கொண்டு அவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். தோலுக்கு வெளியே தெரியும் முடித்தண்டு உயிரற்ற பொருள். அதன் மீது செயற்படுபவை ஒரு வகை. தோலினுள் இருக்கும் மயிர்க்கால் உயிருள்ள உறுப்பு. அதன் மீதும் தலைத்தோலின் மீதும் செயற்படுபவை மற்றொரு வகை. ஒரு வகை முறையால் மற்றொரு வகைச் சிக்கல் தீர்வதில்லை. எனவே சிக்கல் தண்டில் உள்ளதா, தோலில் உள்ளதா என்பதை அறிவதே சரியான முறையைத் தேர்வதன் முதற்படி ஆகும்.

முடியின் அமைப்பு

மனிதத் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொரு மயிர்க்காலும் மூன்று நிலைகளைச் சுழற்சியாகக் கடக்கிறது. வளர்நிலை 2 முதல் 6 ஆண்டுகளும், இடைநிலை 2 முதல் 3 வாரங்களும், ஓய்வுநிலை 2 முதல் 3 மாதங்களும் நீடிக்கும். ஓய்வுநிலை முடிந்ததும் பழைய முடி உதிர்ந்து, அதே இடத்தில் புதியது முளைக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பானதே. முடி மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது.

முடித்தண்டில் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளியே ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த தட்டையான செல்களால் ஆன மேலுறையும், அதனுள் கெரட்டின் என்னும் புரத இழைகளால் ஆன புறணியும், நடுவில் அகணியும் அமைந்துள்ளன. மெல்லிய முடிகளில் அகணி இல்லாமலும் இருக்கலாம். முடியின் வலிமையும் நிறமும் புறணியைப் பொறுத்தவை. பளபளப்பும் வழவழப்பும் மேலுறையைப் பொறுத்தவை.

கெரட்டின் இழைகள் மூன்று வகைப் பிணைப்புகளால் கட்டப்பட்டுள்ளன.

1. ஐதரசன் பிணைப்புகள்: நீரில் நனைந்தால் விடுபட்டு, உலர்ந்ததும் மீண்டும் உருவாகின்றன. சூட்டுக்கருவியால் பெற்ற வடிவம் அடுத்த குளியலோடு மறைவதற்கு இதுவே காரணம்.
2. அயனிப் பிணைப்புகள்: அமிலம், காரம் ஆகியவற்றால் பாதிக்கப்படுகின்றன.
3. இருகந்தகப் பிணைப்புகள்: மிக வலிமையானவை. முடியின் நிலையான வடிவத்தைக் காப்பவை. இவற்றை மாற்ற வேதிவினை தேவை.

முடித்தண்டில் உயிருள்ள செல்கள் இல்லை. ஆகவே தோலில் ஏற்படும் காயம் ஆறுவதைப் போலத் தண்டில் ஏற்படும் சேதம் தானாக ஆறுவதில்லை. அதனை மூடி மறைக்கலாம், மேலும் கூடாமல் தடுக்கலாம், அல்லது வெட்டி நீக்கலாம்.

முடி வகைகள்

வடிவத்தின் அடிப்படையில் முடியைப் பிரிக்கும் முறைகளுள் பரவலாக அறியப்பட்டது, அமெரிக்க முடி ஒப்பனையாளர் ஆண்ட்ரே வாக்கர் உருவாக்கிய வகைப்பாடு ஆகும். 1997 இல் வெளியான அவரது நூலில் இது இடம்பெற்றது. இதன்படி நேரான முடி வகை 1, அலையலையான முடி வகை 2, சுருள்முடி வகை 3, இறுக்கமான சுருள்முடி வகை 4 ஆகும். இது நடைமுறை வசதிக்கான வகைப்பாடே தவிர அறிவியல் அளவீடு அன்று. ஒருவரது தலையிலேயே இரண்டு வகைகள் காணப்படுவதுண்டு.

முறையைத் தேர்வதில் வடிவத்துடன் வேறு மூன்று பண்புகளும் கருதப்படுகின்றன. அவை முடியின் தடிமன், மேலுறையின் நீர் உறிஞ்சும் தன்மை, தலைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பு என்பனவாகும். நேரான முடியில் தலைத்தோலின் எண்ணெய் எளிதில் நுனி வரை பரவுகிறது. சுருள்முடியில் அவ்வாறு பரவுவதில்லை. இதனால் ஒரே அளவு எண்ணெய் சுரந்தாலும் நேரான முடி பிசுபிசுப்பாகவும் சுருள்முடியின் நுனி வறண்டும் காணப்படும்.

தண்டின் மீது செயற்படும் முறைகள்

கழுவுதல்

தமிழ்நாட்டில் முடியைக் கழுவச் சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை முதலியவை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனின்கள் நீரில் நுரைத்து எண்ணெயை அகற்றுகின்றன. ஷாம்பூ என்னும் ஆங்கிலச் சொல், அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லில் இருந்து தோன்றியது. தற்கால ஷாம்பூக்களில் அழுக்கை நீக்கும் பணியைச் செயற்கைப் பரப்பு இழுவிசைக் குறைப்பிகள் செய்கின்றன.

பதப்படுத்தலும் எண்ணெயும்

சேதமுற்ற முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் மிகுதியாக இருக்கும். கண்டிஷனர் எனப்படும் பதப்படுத்திகளில் உள்ள நேர்மின்னேற்ற மூலக்கூறுகள் அங்கே ஒட்டிக்கொண்டு உராய்வையும் சிக்கலையும் குறைக்கின்றன. அடுத்தடுத்த கழுவல்களில் இவை நீங்கிவிடும்.

தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு ஆதலால் தண்டினுள் ஊடுருவக்கூடியது. மும்பையைச் சேர்ந்த ரேலே, மொஹிலே ஆகியோர் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைப்பதும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு குறைக்காததும் தெரியவந்தன. இவ்வாய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர்கள் என்பது கருதத்தக்கது. மேலும் இவ்வாய்வு தண்டின் சேதத்தைப் பற்றியது, முடி வளர்ச்சியைப் பற்றியது அன்று.

சுருளாக்கலும் நேராக்கலும்

செருமனியில் பிறந்த கார்ல் நெசுலர் 1906 இல் இலண்டனில் வெப்பமும் காரமும் கொண்டு முடியை நிலையாகச் சுருளாக்கும் முறையைச் செய்து காட்டினார். வெப்பமின்றிச் சுருளாக்கும் முறை 1938 இல் அமெரிக்காவில் தோன்றியது. பின்னர்ப் பரவலான முறையில் அமோனியம் தயோகிளைகோலேட்டு இருகந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. முடி புதிய வடிவில் சுற்றப்பட்ட பின், ஐதரசன் பெராக்சைடு அப்பிணைப்புகளை மீண்டும் உருவாக்குகிறது. முடியை நேராக வைத்து இவ்வினையைச் செய்தால் நேர்முடி கிடைக்கும்.

வகை 4 முடிக்குப் பயன்படும் நேராக்கிகளில் சோடியம் ஐதராக்சைடு போன்ற வலிய காரம் உள்ளது. இது பிணைப்பிலுள்ள இரு கந்தக அணுக்களுள் ஒன்றை நீக்கிவிடுவதால் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. இவ்விரு முறைகளும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. ஒன்று செய்யப்பட்ட முடியில் மற்றொன்றைச் செய்தால் முடி முறிந்து விழக்கூடும். எனவே முன்னர்ச் செய்துகொண்டவற்றை ஒப்பனையாளரிடம் கூறுவது இன்றியமையாதது.

நிறமூட்டல்

மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் நிறமி கெரட்டினுடன் பிணைந்து செம்மஞ்சள் நிறம் தருகிறது. இது முடியின் இயற்கை நிறத்தை வெளிறச் செய்வதில்லை. நரைமுடியில் மட்டுமே பளிச்செனத் தெரியும். மருதாணிக்குப் பின் அவுரிப் பொடி இட்டால் கருமை கிடைக்கும்.

நிலையான செயற்கைச் சாயங்களில் காரம் முடியை உப்பச் செய்ய, ஐதரசன் பெராக்சைடு இயற்கை நிறமியான மெலனினை வெளிறச் செய்கிறது. பாராபினைலீன்டையமீன் போன்ற சிறு மூலக்கூறுகள் புறணியினுள் சென்று, வினைபுரிந்து, பெரிய நிற மூலக்கூறுகளாகி வெளியேற முடியாமல் தங்குகின்றன. பிரான்சைச் சேர்ந்த ஓழேன் சூலேர் 1907 இல் இத்தகைய சாயத்தை உருவாக்கினார். 1909 இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னர் லோரியால் ஆனது.

தலைத்தோல், மயிர்க்கால் தொடர்பான முறைகள்

பொடுகு

தலைத்தோலில் இயல்பாக வாழும் மலசீசியா என்னும் பூஞ்சை, தோலின் எண்ணெயைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருள்கள் சிலரது தோலை உறுத்துவதால் பொடுகு ஏற்படுகிறது. பொடுகு வறட்சியால் வருவது எனக் கருதி எண்ணெய் தேய்ப்போர் பலர். அந்த எண்ணெய் பூஞ்சைக்கு உணவாகிப் பொடுகைக் கூட்டலாம். கீட்டோகோனசோல், செலீனியம் சல்பைடு முதலியவை கலந்த ஷாம்பூக்கள் பயன்தருகின்றன. இவற்றைத் தலையில் சில நிமிடங்கள் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். துத்தநாகப் பைரித்தியோனும் இதற்குப் பயன்படுவதே. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுப் பொருள்களில் அதனைத் தடைசெய்துள்ளது.

முடி உதிர்தல்

முடி உதிர்தல் ஒரே நோய் அன்று. காரணத்திற்கேற்ப மருத்துவம் மாறுபடும்.

ஓய்வுநிலை உதிர்வு: கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவை மருத்துவம் முதலியவற்றால் மிகுதியான முடிகள் ஒருசேர ஓய்வுநிலைக்குச் சென்று, 2 முதல் 3 மாதங்களுக்குப் பின் கொத்தாக உதிர்கின்றன. டெங்கு, கோவிட்-19 ஆகியவற்றுக்குப் பின்னும் இது காணப்பட்டது. காரணம் நீங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சீராகும். அக்காலத்தில் பயன்படுத்திய எண்ணெயோ மருந்தோ குணப்படுத்தியதாகத் தவறாக எண்ணப்படுவதுண்டு.

மரபுவழி வழுக்கை: மரபணுக்களாலும் ஆண் இயக்குநீர்களாலும் மயிர்க்கால்கள் படிப்படியாகச் சிறுத்துவிடுகின்றன. இரத்த அழுத்த மருந்தாக அறிமுகமான மினாக்சிடில் 1988 இலும், பினாஸ்டரைடு 1997 இலும் ஆண்களின் வழுக்கைக்கு ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. மினாக்சிடிலின் பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பயன் மறையும். பினாஸ்டரைடைக் கருவுற்ற பெண்கள் பயன்படுத்தலாகாது. முடி மாற்று அறுவையில் பின்னந்தலையின் மயிர்க்கால்கள் வழுக்கைப் பகுதியில் நடப்படுகின்றன. அவை புதிய இடத்திலும் தம் பழைய இயல்பைக் கொண்டிருக்கும்.

புழுவெட்டு: உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மயிர்க்கால்களைத் தாக்குவதால் வட்ட வட்டமாக முடி உதிர்கிறது. கடுமையான புழுவெட்டுக்குப் பாரிசிடினிப் என்னும் மருந்து 2022 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

தலைப்படை: குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் பூஞ்சைத் தொற்று. மேற்பூச்சு மட்டும் போதாது, உட்கொள்ளும் மருந்து தேவை.

இழுவை உதிர்வு: இறுக்கமான பின்னல், கொண்டை ஆகியவற்றால் ஏற்படுவது. தொடக்கத்தில் பழக்கத்தை மாற்றினால் முடி மீளும். நெடுங்காலம் தொடர்ந்தால் நிலையான வழுக்கையாகும்.

இரும்புச்சத்துக் குறைபாடும் தைராய்டு நோய்களும் முடி உதிர்வுக்குக் காரணமாகலாம். இவற்றை இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

வகைக்கேற்ற தேர்வு

எண்ணெய்ப்பசை மிக்க நேரான முடி: அடிக்கடி கழுவலாம். பதப்படுத்தியை வேரில் தவிர்த்து நுனியில் மட்டும் இடலாம்.
மெல்லிய முடி: கனமான எண்ணெயும் களிம்பும் முடியைப் படியவைத்து அடர்த்தி குறைந்ததாகக் காட்டும். இலேசான பதப்படுத்தி போதும்.
அலைமுடி, சுருள்முடி: இடைவெளி விட்டுக் கழுவி, நன்கு பதப்படுத்தி, ஈரமாக இருக்கையில் அகன்ற பல் சீப்பால் சிக்கெடுக்கலாம்.
இறுக்கமான சுருள்முடி: ஒவ்வொரு வளைவும் முறியக்கூடிய இடம். ஈரப்பதம் காத்தலும் குறைவாகக் கையாளுதலும் முதன்மையானவை.
சாயமிட்ட அல்லது வெளிற்றப்பட்ட முடி: மேலுறை சேதமுற்றிருப்பதால் உடனே அடுத்த வேதி முறையைச் செய்யலாகாது. வெப்பக்கருவிகளைக் குறைக்க வேண்டும். ஈரமுடியில் சூட்டுக்கருவி வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகித் தண்டினுள் குமிழிகள் தோன்றும்.

பாதுகாப்பு

பாராபினைலீன்டையமீன் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். முன்பு பலமுறை பயன்படுத்தியவருக்கும் புதிதாக ஒவ்வாமை தோன்றலாம். எனவே ஒவ்வொரு முறையும் 48 மணிநேரத்திற்கு முன் தோலில் சிறிது இட்டுச் சோதிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. 'கறுப்பு மருதாணி' என விற்கப்படும் பொடிகளில் இவ்வேதிப்பொருள் கலந்திருப்பதுண்டு. தூய மருதாணி கருநிறம் தருவதில்லை.

கெரட்டின் நேராக்கல் அல்லது பிரேசில் முறை எனப்படும் நேராக்கலில் பல பொருள்கள் பார்மால்டிஹைடைக் கொண்டவை, அல்லது சூடாக்கும்போது அதை வெளிவிடுபவை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் பார்மால்டிஹைடை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. 2010 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்த சோதனைகளில், 'பார்மால்டிஹைடு அற்றது' எனக் குறிக்கப்பட்ட பொருளிலும் அது மிகுதியாகக் காணப்பட்டது. பிரேசிலிலும் பார்மால்டிஹைடை நேராக்கியாகப் பயன்படுத்த அனுமதியில்லை. இதன் ஆவியை நாள்தோறும் சுவாசிக்கும் அழகு நிலையப் பணியாளர்களுக்கு வாடிக்கையாளர்களைவிட ஆபத்து மிகுதி. மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமில நேராக்கிகளுக்குப் பின் சிலருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதாக 2023, 2024 ஆம் ஆண்டுகளில் மருத்துவ அறிக்கைகள் வெளிவந்தன.

ஐக்கிய அமெரிக்காவில் 33,000 இற்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வில், வேதி நேராக்கிகளைப் பயன்படுத்தாதவர்களில் 1.64% பேருக்கும், ஆண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05% பேருக்கும் 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடும் என மதிப்பிடப்பட்டது. இது தொடர்பை மட்டுமே காட்டுகிறது. நேராக்கிகளே காரணம் என்பதை நிறுவவில்லை.

தவறான கருத்துகள்

மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும்: மழிப்பதால் மயிர்க்கால் மாறுவதில்லை. வெட்டப்பட்ட முனை மழுங்கலாக இருப்பதால் தடிமனாகத் தோன்றுகிறது.
பிளந்த நுனியை ஒட்டவைக்கலாம்: பதப்படுத்திகள் தற்காலிகமாகவே ஒட்டவைக்கின்றன. வெட்டுவதே தீர்வு.
கெரட்டின் பூசினால் முடி வளரும்: பூசப்படும் கெரட்டின் தண்டின் மீதே படிகிறது. மயிர்க்காலில் வளர்ச்சியைத் தூண்டுவதில்லை.

மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

வட்டமாகவோ திடீரெனவோ முடி உதிர்தல், தலைத்தோலில் வலி, சீழ் அல்லது தழும்பு, குழந்தைகளின் தலையில் செதிலுடன் கூடிய முடி உதிர்வு, சாயமிட்ட பின் முகவீக்கம் ஆகியவற்றுக்கு மருத்துவரை அணுக வேண்டும். சாயமிட்ட பின் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தழும்புடன் கூடிய உதிர்வில் மயிர்க்கால் அழிந்துவிடுவதால், இழந்த முடி மீண்டும் வளர்வதில்லை. இவ்வகையில் காலந்தாழ்த்தாத மருத்துவம் எஞ்சிய முடியைக் காக்க உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

மயிர்
கெரட்டின்
மெலனின்
மருதாணி
சீயக்காய்
பொடுகு
வழுக்கை