செஞ்சி: கதையுள்ள மலைகளும் கதையில்லாத குன்றும்

ஏம்பலத்தைச் சுற்றி மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் என எந்தப் பக்கம் போனாலும் ஏரி, வாய்க்கால், நெல், கரும்பு. புதுச்சேரி நகரத்தை ஒட்டிய கோரிமேடுதான் எங்களுக்கு மேடு. ஆனாலும் எங்க பக்கத்துக்கு ஒரு மலை உண்டு. அது செஞ்சி. வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிற சங்கராபரணிக்கு இன்னொரு பெயர் செஞ்சியாறு. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பது இங்கே எல்லோரும் சொல்வது. 1750இல் புஸ்ஸியின் படை இரவில் ஏறிக் கோட்டையைப் பிடித்ததிலிருந்து 1761இல் ஆங்கிலேயரிடம் விடும்வரை செஞ்சி புதுச்சேரியின் கையில்தான் இருந்தது. இன்றைக்கும் அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற பஸ் அந்த மலைகளுக்கு நடுவில்தான் போகிறது. சன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் கைகாட்டுவார்கள்: "அது ராஜாகோட்டை, இது ராணிக்கோட்டை. அந்தாண்ட ஒண்ணு இருக்குது பாரு."

அந்த 'அந்தாண்ட ஒண்ணு' பற்றித்தான் எழுத வந்தேன். அதற்குமுன் பெயரும் கதையும் உள்ள மலைகளைப் பார்த்துவிடுவோம்.

ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். ஏறுகிற வழி முழுக்கக் கதைதான். கீழே செட்டிகுளம், தேசிங்கு ராஜனை எரித்த இடம் என்று அதன் கரையைக் காட்டுகிறார்கள். சக்கரக்குளத்துப் பக்கம் கைதிகள் கிணறு. தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிப் பட்டினியில் சாகவிட்டார்களாம். பாதி மலையில் கமலக்கன்னியம்மன். ஏழு கன்னிமார்களில் ஒருத்தி, மலையைக் காக்கிறவள், எருமைக்கடா பலி வாங்கியவள். அவள் பெயரால் இந்த மலைக்கே ஒரு காலத்தில் கமலகிரி என்று பெயர் இருந்திருக்கிறது. உச்சிக்குப் போகுமுன் ஒரு பெரிய பிளவு. பாலத்தின்மேல்தான் கடக்க வேண்டும்.

மலைக்கு இன்னொரு பழம்பெயர் ஆனந்தகிரி. மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் ஒன்றான 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' சொல்கிற கதை இது. ஆனந்தக்கோன் என்கிற இடையர் இந்த மலையில் ஆடு மேய்க்கும்போது புதையல் கண்டெடுக்கிறார். அதைக்கொண்டு படை சேர்த்துக் கோட்டை கட்டுகிறார். வடக்கு மலை அவர் வழிவந்த கிருஷ்ணக்கோன் பெயரில் கிருஷ்ணகிரி ஆகிறது. சி.எஸ்.சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய செஞ்சி வரலாறும் இந்தக் கதையைத் தொடாமல் போகவில்லை. இதில் நாம் கவனிக்க வேண்டியது புதையல். மேய்ச்சல்காரர் எப்படி ராஜாவானார் என்ற கேள்விக்கு, மலையே கொடுத்தது என்கிறது இந்தக் கதையாடல். யாரிடமிருந்து நிலம் எடுக்கப்பட்டது, கல் உடைத்தது யார், மேலே சுமந்தது யார் என்பதெல்லாம் அந்தப் பானைக்குள்ளேயே அடங்கிப்போகிறது. இடையர் பெயர் மலையில் ஏறியது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் இடையராக ஏறவில்லை, ராஜாவாகத்தான் ஏறினார். ஆனந்தகிரி என்ற பெயரும் ராஜகிரிக்குள் கரைந்துவிட்டது.

தேசிங்கு கதை தெரியாதவர் கிடையாது. பத்து மாதம்கூட முழுசாக ஆளாத புந்தேல இளைஞன் தேஜ்சிங். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு மோதிச் செத்தவன். பெரிய எழுத்துப் புத்தகமும் கூத்தும் அவனையும் அவன் குதிரையையும் தோழன் மோவுத்துக்காரனையும் ஊர் ஊராகக் கொண்டுபோயின. தமிழ் பேசாத ராஜாவுக்குத் தமிழ்நாட்டு மலையில் இவ்வளவு கதை!

இனி அந்த மூன்றாவது பக்கம். தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம் இருக்கிறது, சந்திரகிரி என்றும் சொல்வார்கள். அதோடு சேர்த்து வருகிற பெயர் சக்கிலிதுர்க்கம். இந்துஸ்தானி வழக்கில் சமார் டிக்ரி, பொருள் அதேதான். ஒரு நூலில் சந்திராயன் துர்க்கமும் இதுவும் ஒன்று. இன்னொரு நூலில் இது பக்கத்திலுள்ள தனிச் சின்னக் குன்று. ராஜகிரியின் ஒவ்வொரு மண்டபத்துக்கும் அளவு எடுத்தவர்கள் இந்தப் பெயர் எந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதில்கூட ஒரே முடிவுக்கு வரவில்லை. நான் படித்த எந்தச் செஞ்சி வரலாற்றிலும் இந்தப் பெயருக்கு ஒரு பத்திக் கதை கிடையாது. புதையல் இல்லை, கன்னி இல்லை, குதிரை இல்லை. வெறும் பெயர்.

தோல் இல்லாமல் கோட்டை உண்டா? சேணம், கடிவாளம், வாளுறை, முரசு, செருப்பு, தண்ணீர் சுமக்கிற தோல்பை, கவலை இறைக்கிற சாலின் தோல். முற்றுகை என்றால் கோட்டைக்கு முதல் கவலை தண்ணீர்; சுல்பிகர்கானின் முகலாயப் படை 1690 தொடங்கி 1698 வரை வெளியே காத்துக் கிடந்தது. தெலுங்கு பேசும் அருந்ததியர் தெற்கே பரவியதை விஜயநகர, நாயக்கர் படையெடுப்புகளோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். செஞ்சிக் கோட்டை பெருத்ததும் நாயக்கர் காலத்தில்தான். அந்தக் குன்றில் அவர்கள் குடியிருந்தார்களா, காவல் இருந்தார்களா, பட்டறை போட்டிருந்தார்களா? கமலக்கன்னிக்கு வெட்டிய எருமையின் தோல் யார் கைக்குப் போனது? இப்படிக் கேட்பதற்கான ஒரே பிடி அந்தப் பெயர்தான்.

தோல் தொழிலாளிக்குக் கதையுள்ள மலையும் தமிழில் இருக்கிறது. பாபநாசம் மலையில் சொரிமுத்தையன் கோயிலில் முத்துப்பட்டன். பிராமணப் பையன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொண்டு செருப்புத் தைத்தவன், பசுக்களைக் காக்கப் போய்ச் செத்தவன். இன்றும் அங்கே காணிக்கை செருப்புதான். அந்தக் கதையிலும் ஒரு கை வேலை செய்திருக்கிறது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், காட்டில் கிடந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு திருத்தம் உள்ளே நுழைந்துவிட்டது. கதை இருந்தால் கழுவுவார்கள். ஆனால் எவ்வளவு கழுவியும் அந்தச் செருப்பை இறக்க முடியவில்லை. வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் ஒட்டன் சமாதி என்ற இடத்தைத் தாண்டிப் போகிறார்கள். கல்லுடைக்கிற சாதியின் பெயர் அங்கேயும் வழியில் கிடக்கிறது. செஞ்சிக் குன்றுக்குச் செருப்பும் இல்லை, சமாதியும் இல்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. எந்தப் பெயரில்? 'மராத்தியப் போர்த்திறன் நிலவெளிகள்'. பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. சிவாஜி 1677இல் பிடித்தார், 1698இல் மராத்தியர் இழந்தார்கள். இருபத்தோரு வருஷம். கோன்களும் நாயக்கர்களும் பீஜப்பூர்க்காரர்களும் நவாபும் பிரெஞ்சுக்காரர்களும் வரிசையில் பின்னால் நிற்கிறார்கள். ராஜாக்களுக்கே இந்தக் கதி என்றால் தோல் தைத்தவனைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? இனி வழிகளுக்குப் பலகை எழுதினால் 'சந்திரகிரி' என்று எழுதுவது சுலபம். கௌரவமான பெயர், யார் மனசும் புண்படாது.

இதை நெட்டப்பாக்கத்துத் தலித் தோழர் ஒருவரிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க அந்தப் பேரப் பலகையில எழுதி வெச்சிட்டு வந்துடுவீங்க. அப்புறம் ஸ்கூல் டூர் வர்ற பசங்க எங்க புள்ளைங்களப் பாத்து அதச் சொல்லிச் சிரிப்பானுங்க. வசவ எதுக்குக் கல்வெட்டாக்கணும்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சொல்லைத் திட்டாகக் கேட்டு வளர்ந்தவருக்கும் நூலில் படித்த எனக்கும் அது ஒரே சொல் இல்லை. ஆனால் சந்திரகிரி என்று எழுதினால் வசவு மட்டுமா போகும்? செஞ்சியில் அந்த மக்கள் இருந்ததற்கான ஒரே எழுத்துச் சாட்சியமும் சேர்ந்து போகும். பெயரை மட்டும் எழுதி வைப்பது வசவுதான், அவர் சொல்வது சரி. ராஜகிரிக்குப் புதையல் கதையைச் சொல்கிற அதே பலகையில், இந்தப் பெயருக்குக் கீழே, கோட்டைக்குத் தோல்பையும் சேணமும் முரசும் செய்தவர்கள் அருந்ததியர் என்று எழுத இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியையும் யார் எழுதுவது என்று அவர் கேட்டார். நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.