குடிநீர்த் தரம்: நெறிமுறை உண்டு, கட்டாயம் இல்லை

மும்பை: நாட்டில் குடிநீரின் தரத்தை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'ஐ.எஸ். 10500:2012' நெறிமுறை வரையறுக்கிறது. 100 மில்லி லிட்டர் நீரில் ஈ-கோலி பாக்டீரியா அறவே இருக்கக் கூடாது என்பது அதன் முக்கிய விதிகளுள் ஒன்று.

மத்திய நுகர்வோர் விவகார அமைச்சகம் 2019 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், மும்பையின் 10 குழாய் நீர் மாதிரிகளும் சோதிக்கப்பட்ட அம்சங்கள் அனைத்திலும் தேர்ச்சி பெற்றன. டெல்லி, சென்னை, கொல்கத்தா நகரங்களில் ஒரு மாதிரிகூடத் தேறவில்லை.

எனினும், 10 மாதிரிகள் ஒரு மாநகரின் எல்லாச் சந்துகளுக்கும் சான்றாகிவிடாது. ஏழு ஏரிகளிலிருந்து பெறப்படும் நீர் சுத்திகரிக்கப்பட்ட பின்னரே மும்பைக்கு விநியோகிக்கப்படுகிறது. ஆனால், பெரும்பாலான பகுதிகளில் நாளொன்றுக்குச் சில மணி நேரமே விநியோகம் நடைபெறுகிறது. விநியோகம் நின்று குழாயில் அழுத்தம் குறையும்போது, விரிசல்கள் வழியே வெளியிலுள்ள கழிவுநீர் உள்ளே புகும் அபாயம் உண்டு. தமிழர்கள் அதிகம் வசிக்கும் தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், சாக்கடையை ஒட்டிக் குழாய்கள் செல்லும் இடங்களில் இந்த அபாயம் கூடுதலாகும்.

குடிசைப் பகுதியினருக்குத் தண்ணீரை மறுக்க இயலாது என்றும், அது வாழ்வுரிமையின் அங்கம் என்றும் மும்பை உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆயினும், அந்த ஆய்வு வெளியானபோது, உள்ளாட்சிகள் வழங்கும் குழாய் நீருக்கு இத்தர நெறிமுறை கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை. நெறிமுறையை மீறும் உள்ளாட்சி அமைப்பின் மீது அதன் அடிப்படையில் நடவடிக்கை எடுக்க இயலாததற்கு இதுவே காரணம்.